முன் கண்ணாடி மாற்றிய பில்லில் 'அடாஸ் கேலிப்ரேஷன்' இருந்தால், ஜாப் கார்டில் கிலோமீட்டரைப் பாருங்கள்

முன் கண்ணாடி மாற்றிய கையோடு, 'அடாஸ் கேலிப்ரேஷன்' (லேன் பார்த்து ஓட்டுநருக்கு உதவும் கேமரா, ரேடாரை நேராக்கிச் சரிசெய்யும் வேலை) என்று தனி வரி போட்டுப் பணமும் வாங்கிய பில்லுடன் ஒரு கார் பட்டறைக்கு வந்தது. நான்குவழிச் சாலையில் நேராகப் போகும்போதே ஸ்டீயரிங் இடது கோட்டுப் பக்கம் இழுக்கிறது, லேன் எச்சரிக்கை சும்மா சும்மா அடிக்கிறது என்பது புகார். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

கண்ணாடி மாற்றிய இடத்தின் ஜாப் கார்டில் (வேலைச் சீட்டில்) வண்டி உள்ளே வந்தபோதும் வெளியே போனபோதும் ஒரே கிலோமீட்டர். அந்த மாடலுக்கு ஓட்டித்தான் கேலிப்ரேஷன் செய்ய முடியும். கோடு தெளிவாக உள்ள சாலையில், கம்பெனி சொன்ன வேகத்தில், ஸ்கேனர் 'முடிந்தது' என்று காட்டும்வரை ஓட்ட வேண்டும். இங்கே வண்டி நகரவே இல்லை. ஸ்கேனரில் பிழைக் குறியீடுகளை அழித்துவிட்டுப் பணம் வாங்கியிருக்கிறார்கள். குறியீட்டை அழித்தால் எச்சரிக்கை விளக்கு அணையும், கேமரா நேராகாது.

ரியர் வியூ மிரருக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றினால், கேமராவின் ஒரு பக்கக் கிளிப் பிராக்கெட்டில் உட்காரவே இல்லை. நகம் நுழையும் இடைவெளி. பக்கவாட்டில் ஒரு டிகிரி திரும்பினாலே 50 மீட்டர் தூரத்தில் சுமார் 87 சென்டிமீட்டர் பிசகும். பக்கத்து லேன் பைக்கை உங்கள் லேனில் இருப்பதாகக் கார் நினைக்க அது போதும். கிளிப்பை உட்கார வைத்து, முறையாக ஓட்டிச் செய்த பிறகுதான் இழுப்பு நின்றது.

சில மாடல்களுக்கு வண்டியை நிறுத்தி, கேமரா பார்க்கும்படி முன்னால் ஒரு குறிப் பலகை வைத்துச் செய்வார்கள். அதற்குச் சமதளத் தரை வேண்டும், டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், டிக்கி காலியாக இருக்க வேண்டும், பலகை மீது வெயில் விழக்கூடாது. பலகையை வண்டியின் மையக்கோட்டிலிருந்து டேப்போ லேசரோ வைத்து அளந்து நிறுத்த வேண்டும். கண் மதிப்பில் நிறுத்தினால் அந்த வேலை வீண். வீல் அலைன்மென்ட் பாக்கி இருந்தால் அதை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். வரிசை மாறினால் செய்த கேலிப்ரேஷனைத் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

ஹோண்டா எலிவேட்டில் கேமரா மட்டும்தான். மஹிந்திரா எக்ஸ்யூவி 700-ல் முன்பக்க ரேடாரும் உண்டு. ரேடார் உள்ள வண்டிக்குப் பம்பர் டிங்கரிங் செய்யும்போது, ரேடாருக்கு முன்னால் பட்டி பூசவோ, மெட்டாலிக் பெயிண்ட்டை அடுக்கடுக்காக அடிக்கவோ விடாதீர்கள். ரேடார் அலை அதில் தேய்ந்துபோகும். வெளியே வாங்கிய இரும்பு பம்பர் கார்டும் ரேடாரை மறைக்கும்.

பணம் கொடுக்கும் முன், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் பிரிண்ட் இரண்டையும் கேளுங்கள். சேசிஸ் எண், தேதி, நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கிளெய்ம் என்றால் எஸ்டிமேட் போடும்போதே கேலிப்ரேஷனைச் சேர்க்கச் சொல்லுங்கள், பிறகு சேர்த்தால் சர்வேயரோடு இழுபறிதான். சரியாகச் செய்து முடிக்கும்வரை லேன் அசிஸ்டை மெனுவில் அணைத்து வையுங்கள், முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைத் தானே மாற்றும் அடாப்டிவ் குரூஸைத் தொடாதீர்கள்.