ஓபன் லூப் பேண்ட்விட்த்: 82கே ரெசிஸ்டர் போட்டும் கழட்டியும் ஆறு வருஷம் ஒரே ஆம்ப் கேட்ட அனுபவம்

நானே சால்டர் பண்ணி அசெம்பிள் பண்ண ஆம்ப் இது, ஆறு வருஷமா தினமும் சாயங்காலம் ரெண்டு மணி நேரமாவது ஓடுது. 25-0-25 டாரோய்டு டிரான்ஸ்ஃபார்மர், சப்ளை ரெயில் பிளஸ் மைனஸ் 35 வோல்ட், அவுட்புட்ல 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி, 8 ஓம் ஸ்பீக்கர், கெயின் 21, அதாவது இன்புட்ட 21 மடங்காக்கும். இதுல ஓபன் லூப் பேண்ட்விட்த்ங்கிற ஒரு விஷயத்த மட்டும் விடாம சோதிச்சுப் பாத்தேன், அதத்தான் எழுதுறேன், ஏன்னா ஆம்ப் கட்ட ஆரம்பிக்கிற பசங்கள முதல்ல குழப்புறதே இதுதான்.

"ஓபன் லூப் பேண்ட்விட்த் 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்காவது இருக்கணும், இல்லன்னா ஃபீட்பேக் லேட்டா வந்து திருத்தும், சவுண்டு செத்துப்போகும்"னு எங்க போனாலும் சொல்றாங்க. ஃபீட்பேக்னா அவுட்புட்ல கொஞ்சத்த இன்புட்டுக்குத் திருப்பி அனுப்பி ஆம்ப் தன் தப்ப தானே திருத்திக்கிறது; அது இல்லாம ஆம்ப்போட கெயின் எந்த ஃப்ரீக்வென்சி வரைக்கும் இறங்காம நிக்குதுங்கிறதுதான் ஓபன் லூப் பேண்ட்விட்த். நானும் ரொம்ப நாள் நம்புனேன். இது சும்மா கெளம்புன பேச்சும் இல்ல, ஃபின்லாந்துக்காரர் மாட்டி ஒட்டாலா 1970ல டிரான்சியன்ட் டிஸ்டார்ஷன் (சிக்னல் திடீர்னு எகிறும்போது வர்ற சிதைவு) பத்தி எழுதுனதுல இருந்து வர்றது. அந்தக் காலத்து ஆம்ப் நிறைய ஸ்லூ ரேட்ல, அதாவது அவுட்புட் வோல்டேஜ் மைக்ரோசெகண்டுக்கு எவ்ளோ வேகமா மாற முடியும்ங்கிறதுல, ரொம்ப மோசம். நம்ம 741 ஆப்ஆம்ப் ஐசியவே எடுத்துக்கோங்க, ஓபன் லூப்ல 5 ஹெர்ட்ஸ் பக்கத்துலயே கெயின் இறங்க ஆரம்பிச்சுடும், ஸ்லூ ரேட் மைக்ரோசெகண்டுக்கு அர வோல்ட். 20 கிலோஹெர்ட்ஸ்ல 10 வோல்ட் பீக் வேணும்னா 1.26 வோல்ட் வேகம் வேணும், அது எங்க வரும்? இதுல குத்தம் அந்த அர வோல்ட் மேல, ஆனா பழி 5 ஹெர்ட்ஸ் மேல விழுந்துடுச்சு. 1980ல ஆம்ப் டிசைன் பண்ற பாப் கார்டெல் இத அளந்தே காட்டி எழுதிட்டாரு, ஆனாலும் பேச்சு நிக்கல.

என் போர்டுல இன்புட் ஜோடிக்கு மொத்தம் 4 மில்லிஆம்ப், எமிட்டர்ல 100 ஓம், காம்பன்சேஷன் கெபாசிட்டர் (ஆம்ப் தானா ஆசிலேட் ஆகாம, அதாவது தானே அதிர ஆரம்பிக்காம அடக்குறது) 100 பிகோஃபேரட். கணக்கு போட்டா ஸ்லூ ரேட் 40 வோல்ட், எனக்கு 20 கிலோஹெர்ட்ஸ்ல 30 வோல்ட் பீக்குக்குத் தேவை 4 கூட இல்ல. முதல் வாரம் ஆர்வக்கோளாறுல அந்த 100 பிகோவ எடுத்துட்டு 47 போட்டேன், வேகம் ஜாஸ்தியானா நல்லதுதானேன்னு. பாட்டே போடல, ஸ்பீக்கர் வயர் மாட்டுன கொஞ்ச நேரத்துல கருகுற வாசன, பாத்தா அவுட்புட்ல இருக்குற 10 ஓம் ஜோபல் ரெசிஸ்டர் (ஹை ஃப்ரீக்வென்சியில ஆம்ப்ப நிலையா வச்சிருக்கிறது) நடுவுல பழுப்பாயி பெயின்ட் உப்பியிருக்கு. ஆம்ப் மெகாஹெர்ட்ஸ்ல ஆசிலேட் ஆயிட்டிருந்துச்சு, காதுக்கு ஒண்ணுமே கேக்கல. திரும்ப 100 போட்டதும் அடங்குச்சு. இன்னைக்கு வரைக்கும் புது போர்டு எதுவானாலும் முதல்ல அந்த ரெசிஸ்டர தொட்டுப் பாத்துட்டுதான் ஸ்பீக்கர் மாட்டுறேன்.

சரி, ஓபன் லூப்ப எப்படி அகலமாக்குறது? ரொம்ப சுலபம், அந்த 100 பிகோவுக்கு குறுக்கால ஒரு 82கே (82,000 ஓம்) ரெசிஸ்டர். உடனே ஓபன் லூப் பேண்ட்விட்த் 19 கிலோஹெர்ட்ஸ் தாண்டிடும். முதல்ல நேரா போட்டேன், அவுட்புட்ல டிசி 50 மில்லிவோல்ட் பக்கம் ஏறிடுச்சு, ஏன்னா ரெயில் வோல்டேஜ் கிட்டத்தட்ட முழுசா அந்த ரெசிஸ்டர் மேல நிக்குது, அந்த கரண்ட இன்புட் ஜோடிதான் சுமக்கணும். அதனால சீரிஸ்ல 1 மைக்ரோ ஃபிலிம் கெபாசிட்டர் போட்டு, போர்டுக்கு அடியிலயே சின்ன ரீட் ரிலே (கரண்ட் குடுத்தா மூடுற குட்டி சுவிட்ச்) வச்சு, முன்னாடி பேனல்ல ஒரு சுவிட்ச் குடுத்தேன். வயர இழுத்து வெளிய சுவிட்ச் வைக்காதீங்க, அந்த பாயின்ட் ரொம்ப சென்சிடிவ்.

இங்கதான் கவனிக்கணும். ரெசிஸ்டர் இல்லாதப்போ 1 கிலோஹெர்ட்ஸ்ல எனக்கு ஃபீட்பேக் (திருத்துற பலத்த டெசிபல்ல, அதாவது டிபில சொல்றது) சுமார் 57 டிபி, 20 கிலோஹெர்ட்ஸ்ல 30 டிபி. ரெசிஸ்டர் போட்டா 1 கிலோஹெர்ட்ஸ்ல 30 டிபிதான் மிச்சம், 20 கிலோஹெர்ட்ஸ்ல? அதுவும் ஒரு மூணு டிபி குறையுது, ஏறவே இல்ல. அதாவது மேல ஒண்ணும் புதுசா கிடைக்கல, கீழ இருந்தத தூக்கி வீசியிருக்கோம், அவ்ளோதான். பேண்ட்விட்த் அகலமாச்சுன்னு சொல்றது கேக்க நல்லா இருக்கு, உண்மையில மலையோட உச்சிய வெட்டி மொட்டையாக்குறோம், அடிவாரம் அப்படியேதான் இருக்கு.

காதுக்கு என்ன தெரிஞ்சுது? மச்சான் பின்னாடி உக்காந்து சுவிட்ச போட, நான் பாக்காம சொல்லணும், நாகஸ்வரம், தவில், வயலின், பழைய மோனோ ரெக்கார்டிங் எல்லாம் மாத்தி மாத்தி. 20 தடவையில 11 சரி. அது காசு சுண்டிப் போட்டாலே வர்ற கணக்கு.

ஆனா ரெண்டு இடத்துல வித்தியாசம் நிஜமாவே தெரிஞ்சுது, ரெண்டுமே ரெசிஸ்டருக்கு எதிராதான். ஒண்ணு ஹம். ராத்திரி ஃபேன நிறுத்திட்டு ஊஃபர் பக்கத்துல காத வச்சா, ரெசிஸ்டர் இருக்கும்போது லேசா 100 ஹெர்ட்ஸ் உறுமல், சுவிட்ச மாத்துனா சுத்தமா இல்ல. பவர் சப்ளை ரிப்பிள (டிசி மேல மிச்சம் நிக்கிற ஏத்த இறக்கம்) அமுக்குறதும் அதே ஃபீட்பேக்தானே, 100 ஹெர்ட்ஸ்ல அத பிடுங்கிட்டா ரிப்பிள் வெளிய வரத்தான செய்யும்.

இன்னொண்ணு இன்னும் முக்கியம். முதல் ரெண்டு வருஷம் சூடு ஏறக்கூடாதுன்னு பயாஸ, அதாவது பாட்டு இல்லாதப்பவும் அவுட்புட் டிரான்சிஸ்டர்ல ஓடுற கரண்ட, 20 மில்லிஆம்ப்ல வச்சிருந்தேன். மெதுவா வச்சு வயலின் கேட்டா ஒரு சொரசொரப்பு, அது ரெசிஸ்டர் போட்டதும் இன்னும் கூடும், அப்போ மட்டும் சுவிட்ச் எந்தப் பக்கம்னு பாக்காமலே சொல்லிடுவேன். கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் (ஜோடியில ஒரு டிரான்சிஸ்டர் இன்னொண்ணுக்கு வேலைய கைமாத்துற இடத்துல வர்ற சிதைவு), அத அமுக்க ஃபீட்பேக் பத்தல. அப்புறம் எமிட்டர்ல இருக்குற 0.22 ஓம் மேல மல்டிமீட்டர வச்சு 22 மில்லிவோல்ட் வர்ற வரைக்கும் பயாஸ் பிரீசெட்ட (திருப்பி அட்ஜஸ்ட் பண்ற ரெசிஸ்டர்) திருப்புனேன், அதாவது 100 மில்லிஆம்ப். அர மணி நேரம் விட்டு ஹீட்சிங்க் சூடானதும் திரும்ப செட் பண்ணேன். சொரசொரப்பு போயிடுச்சு, அதுக்கப்புறம் எனக்கு சுவிட்சே புடிபடல. இத்தன வருஷத்துல இந்த ஆம்ப்ல சவுண்ட மாத்துன ஒரே வேல அந்த பிரீசெட்ட திருப்புனதுதான், எட்டணா செலவில்ல.

ஃபீட்பேக் கம்மியா வச்ச ஆம்ப் கேட்டு சந்தோஷப்படுறவங்கள நான் தப்பு சொல்லல, அதுல நல்ல ஆம்ப் இருக்கு, அவங்க அவுட்புட் ஸ்டேஜ அவ்ளோ கவனமா, நிறைய பயாஸ் குடுத்து கட்டியிருப்பாங்க, பேரு மட்டும் ஓபன் லூப் தட்டிட்டுப் போயிடும். நீங்க கட்டுறதா இருந்தா ஸ்லூ ரேட் பாருங்க, 20 கிலோஹெர்ட்ஸ்ல எத்தன டிபி ஃபீட்பேக் மிச்சம்னு பாருங்க, பயாஸ் பாருங்க.

போன மாசம் ரெண்டு போர்டுல இருந்தும் ரிலே, 82கே, ஃபிலிம் கெபாசிட்டர் எல்லாத்தையும் உருவிட்டேன். பேனல்ல சுவிட்ச் இருந்த ஓட்டையில இப்போ ஒரு எல்இடி உக்காந்திருக்கு.