விக்கல் நின்ற கதை: பினாங்கு வெக்கையில் மூன்று வருடம் ஓடிய என் கேமிங் கணினி

2022 தீபாவளி போனஸ் கையில் வந்ததும் சேர்த்த கணினி இது. வாங்கிய மறுநாளே எழுதுகிற விமர்சனம், கல்யாண மேடையில் நின்று மாப்பிள்ளை எப்படி என்று விசாரிப்பது மாதிரி. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மூன்று வருடம் குடித்தனம் நடத்திய பிறகு கேட்டால்தான் உண்மை வரும். யாரும் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன்.

வீடு மலேசியாவின் பினாங்கில், குளுகோரில், ஏழாவது மாடி பிளாட். கணினி இருப்பது மேற்குப் பார்த்த அறை, ஏர்கோன் கிடையாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும். ப்ராசசர் ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் பவர் சப்ளை, 24 அங்குல 1080பி திரை, 165 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிக்கும்). இவை எல்லாம் புதுசு. படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு மட்டும் கைமாறி வந்தது: ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. அந்த வருடம் செப்டம்பரில் ஈத்தரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓடவிட்டு நாணயம் சம்பாதிக்கும் மைனிங்கையே கைவிட்டுவிட்டதால், அதுவரை ஆனைவிலை குதிரைவிலை விற்ற கார்டுகள் பழைய சாமான் விலைக்கு இறங்கியிருந்தன. எனக்கு 950 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கிடைத்தது.

நான் தேடியது வேகத்தை அல்ல, விக்கல் இல்லாத, அதாவது படம் நடுவில் திக்கி நிற்காத ஓட்டத்தை. இரண்டும் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆட்டம் திரையில் வரையும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். ஐம்பத்தொன்பது ஃபிரேம் ஒழுங்காக வந்து, ஒன்றே ஒன்று 80 மில்லிசெகண்ட் இழுத்துக்கொண்டால் சராசரி கொஞ்சம்தான் அசையும், ஆனால் கண் அந்த ஒன்றைப் பிடித்துவிடும். பந்தியில் ஆளுக்கு ஒரு வடை என்று கணக்குச் சரியாகத்தான் இருக்கும். வடை வராத இலைக்காரரிடம் போய் அந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். அதனால் எங்கே எந்தச் சோதனைக் கணக்கைப் பார்த்தாலும் சராசரியை விட்டுவிட்டு "1 சதவீத லோ" என்ற எண்ணைத்தான் இப்போது முதலில் தேடுகிறேன். படு மோசமான ஃபிரேம்கள் எப்படி வந்தன என்பதை அதுதான் சொல்லும்.

முதல் அசட்டுத்தனம் என்னுடையது. 165 ஹெர்ட்ஸ் திரை வேண்டும் என்று கூடுதல் காசு கொடுத்துவிட்டு, ஐந்து மாதம் அதை 60இலேயே ஓட்டியிருக்கிறேன். கண்டுபிடித்தவன் அக்கா மகன், அப்போது இரண்டாம் படிவம். மவுஸைப் பிடித்து அம்பை வேகமாக வட்டம் சுற்றினான்.

"மாமா, அம்பு விட்டு விட்டுத் தெரியுது பாருங்க. இது 60 தான் லா."

"165ன்னு அட்டைப் பெட்டியிலயே போட்டிருக்கேடா."

"பெட்டியில போட்டிருக்கும், விண்டோஸ்ல யார் போடுறது?"

டிஸ்பிளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே 165 ஒரு ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருந்தது. புதுத் திரை மாட்டியவர்கள் இன்றைக்கே ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது ரேம். கடையில் 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காகப் போட்டுக் கொடுத்தார்கள். "பின்னால இன்னொண்ணு சேர்த்துக்கலாம் பாஸ், ஸ்லாட் மிச்சமாகும்" என்றதும் மண்டையை ஆட்டிவிட்டேன். கதை விளையாட்டுகளில் பெரிதாகத் தெரியவில்லை. 2023 செப்டம்பரில் சிஎஸ்:கோ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு போய் அதன் இடத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 (சிஎஸ் 2) வந்ததும் சாயம் வெளுத்தது. புகைக்குண்டு வெடிக்கிற நேரத்தில், நாலு பேர் ஒன்றாகச் சுடுகிற நேரத்தில், அதாவது எப்போது தடங்கக் கூடாதோ அப்போது, ஒரு விக்கல்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு எண்களைத் திரை ஓரத்தில் ஓடவிட்டேன். கார்டு 60 சதவீதத்தில் சோம்பிக் கிடந்தது. கார்டு 97, 98இல் நின்றால் தடை கார்டுதான், செட்டிங்கைக் குறைத்தால் வேகம் கூடும். கார்டு சும்மா இருக்க ஆட்டம் திக்கினால் ப்ராசசர், ரேம் பக்கம் போக வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. ப்ராசசர் மொத்தம் 45 சதவீதம் என்று காட்டும், "பாதிகூட ஆகவில்லையே" என்று நாமும் ஏமாந்துவிடுவோம். 5600க்கு 12 திரெட், அதாவது ஒரே நேரத்தில் 12 வேலைகளை ஓட்டும். அதில் ஒன்றிரண்டுதான் ஆட்டத்தின் பெரிய சுமையைத் தூக்கும். ஒருவன் மூட்டை சுமக்க, மற்றவர்கள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை சுமக்கிறவனுக்குச் சாமான் போகும் வழி ரேம். ஒரு ஸ்டிக் என்றால் ஒற்றை வழி, இரண்டு என்றால் இரட்டை வழி.

புக்கிட் ஜம்புல் பக்கம் கடைக்குப் போய் அதே மாடலில் இன்னொரு 16 ஜிபி ஸ்டிக் வாங்கி வந்தேன். மேசையில் பெட்டியைச் சாய்த்து, உறையைப் பிரித்து, கையை உள்ளே விடும்போது பின்னாலிருந்து அம்மா குரல்.

"மொதல்ல இரும்பத் தொடுடா."

அம்மா பாயான் லெப்பாசில் ஒரு சிப் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் ஆப்பரேட்டர். 1972இல் அந்தத் தடையற்ற வாணிப வட்டாரத்தில் இன்டெல், ஏஎம்டி எல்லாம் வந்து இறங்கியபின், ஃபேக்டரி பஸ் ஏறிப் போன ஒரு தலைமுறைப் பெண்களில் அவரும் ஒருவர். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டாமல் எதையும் தொட்டதில்லையாம். தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பி சிப்பின் ஓரத்தில் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் வேலை. நம் உடம்பில் இருக்கும் மின்னேற்றம் நமக்கு ஒரு சுள்ளென்றுகூட இருக்காது, சிப்புக்கு அது இடி. கேஸின் பெயின்ட் படாத இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் ரேமைத் தொட்டேன்.

அன்றைக்குப் பழைய கணினியையும் கழற்றிப் போட்டிருந்தேன், 2014 காலத்து ஐ5-4460. மூடியின் மேல் "மலாய்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும், மலேசியாவில் முடித்தது என்ற அடையாளம். அம்மா அதை ஓரங்களை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இதற்குள் கம்பி எத்தனை இருக்கும் என்றார். இந்த வகையில் கம்பியே இல்லை, சிப்பைக் கவிழ்த்துப்போட்டு நுண்ணிய உருண்டைகளால் ஒட்டிவிடுகிறார்கள் என்றேன். "அப்ப நாங்க எதப் பாக்குறது?" என்று கேட்டுவிட்டு, சிப்பை டிஷ்யூ தாளில் சுற்றி வைத்தார்.

இரண்டு ஸ்டிக்கையும் ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டேன், போர்டு கையேடு அப்படித்தான் சொல்லியது. பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை செட்டிங் இருக்கும் இடம்) போனால் இன்னொரு அதிர்ச்சி. 3200 வேகம் என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் இத்தனை நாளும் 2400இல் ஓடியிருக்கிறது. ரேமைச் சொன்ன வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற ஒரு சுவிட்சைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். போட்டேன். முன்பு வினாடிக்குச் சராசரி 150 ஃபிரேம் ஓடி, சண்டையில் 60 சொச்சத்துக்கு விழுந்த ஆட்டம், இப்போது 190 வாக்கில் ஓடி, மோசமான நேரத்திலும் 110க்குக் கீழே போவதில்லை. மூன்று வருடத்தில் இந்தக் கணினிக்குச் செய்த செலவில் காசுக்கு மேல் பலன் தந்தது இந்த ஒரு ஸ்டிக்தான். இப்போது யாராவது என்னிடம் கேட்டால் 16 ஜிபி ஒன்று என்று சொல்லவே மாட்டேன், 8 ஜிபி ஸ்டிக் இரண்டாகவாவது போடுங்கள்.

இனி வெக்கை. இங்கே பிப்ரவரி, மார்ச்சில் மதியம் என் அறை 33 டிகிரிக்குப் போய்விடும். அறையில் ஏறுகிற ஒவ்வொரு டிகிரியும் கார்டிலும் கிட்டத்தட்ட அப்படியே ஏறும். குளிர்நாட்டுக்காரர்கள் வெளியிடும் டெம்பரேச்சர் கணக்கைப் பார்த்துக் கேஸ் வாங்கினால் நமக்குக் கட்டுப்படியாகாது. நான் முதலில் வாங்கியது முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேஸ். பார்க்க அழகு, மூச்சு விட வழியில்லை. கார்டு 83 டிகிரியைத் தொடும், தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் ஆட்டம் கனக்கிற மாதிரி இருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

என் கார்டு மைனிங்கில் இரவு பகல் ஓடியது, விற்றவரும் மறைக்கவில்லை. (3060 வந்த 2021இல் மைனிங் செய்ய முடியாதபடி அதில் ஒரு பூட்டுப் போட்டிருந்தது அந்தச் சிப்பின் நிறுவனமான என்விடியா. அடுத்த மாதமே அதைத் திறந்துவிடும் ஒரு டிரைவர் மென்பொருளையும் தானே தவறுதலாக வெளியிட்டது. பூட்டியவரே சாவியை வாசலில் வைத்துவிட்டுப் போன கதை.) கழற்றிப் பார்த்தபோது தெர்மல் பேஸ்ட் வெற்றிலைப்பெட்டியில் மறந்துபோன சுண்ணாம்பு மாதிரி காய்ந்து கிடந்தது. புதுப் பேஸ்ட், முன்பக்கம் வலை போட்ட வேறு கேஸ், அதோடு அண்டர்வோல்ட், அதாவது கார்டுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைப்பது. கடைசியில் சொன்னது காசில்லாத மருந்து: ஆஃப்டர்பர்னரில் 0.9 வோல்ட்டுக்கு 1800 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்து, அதற்கு மேல் போகாதபடி வேக வளைகோட்டைத் தட்டையாக்கிவிட்டேன். 170 வாட் குடித்த கார்டு 130 வாக்கில் நின்றது. வேகத்தில் இரண்டு மூன்று ஃபிரேம் போயிருக்கலாம், வெப்பம் 71க்கு இறங்கியது. எல்லாக் கார்டும் இதே எண்ணுக்கு ஒத்துவராது, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பார்க்க வேண்டும்.

தூசி வேறு. நம் வீடுகளில் அது வெறும் தூசியாக இருப்பதில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையோடு சேர்ந்து ஃபேன் இறக்கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ் வைத்துத் தேய்க்கிறேன். அம்மா சாம்பிராணியை நிறுத்தப் போவதில்லை.

செட்டிங் விஷயத்தில் எல்லாவற்றையும் "அல்ட்ரா"வில் போடுவதும், திக்கினால் எல்லாவற்றையும் "லோ"வில் தள்ளுவதும் ஒரே மாதிரித் தப்பு. டெக்ஸ்சர் (சுவர், தரை, துணியின் மேல் ஒட்டும் படம்) பெரும்பாலும் கார்டின் மெமரியைத்தான் தின்னும். மெமரி போதுமென்றால் அதை உச்சத்தில் வைத்தாலும் வேகம் அதிகம் குறையாது. 3060இல் 12 ஜிபி இருப்பதால் நான் எப்போதும் உச்சத்தில்தான். நண்பர் ஒருவரின் கார்டு என்னுடையதைவிட வேகம், ஆனால் 8 ஜிபி. 2023க்குப் பிறகு வந்த சில பெரிய விளையாட்டுகளில் அவருக்குச் சுவரெல்லாம் களிமண் பூசியது மாதிரி மங்கி, திரும்பும்போதெல்லாம் விக்கும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கியதும் சரியாகிவிட்டது. கார்டை மாற்றப் போனவரை நிறுத்தி வைத்தேன், ஒரு நாசி கண்டார் (இந்த ஊர்ச் சோறும் குழம்பும்) வாங்கித் தந்தார்.

கார்டை உண்மையில் முறிப்பது நிழல், பிரதிபலிப்பு, மூடுபனி. சைபர்பங்க் 2077இல் இதை உட்கார்ந்து சோதித்தேன். பிரதிபலிப்புக்கான ஸ்க்ரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்ஷனை "சைக்கோ" என்ற உச்ச அளவிலிருந்து இறக்குவது மட்டுமே பெரிய விடுதலை. ஈரத் தெருவில் நின்று முறைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், துரத்திக்கொண்டு ஓடும்போது தெரியாது. வால்யூமெட்ரிக் ஃபாக், மேகம், நிழல் மூன்றும் நடுவில். கூட்டத்தின் அடர்த்தி மட்டும் கார்டைச் சேர்ந்ததல்ல, அது ப்ராசசர் தலையில் விழுவது. சந்தைப் பகுதியில் மட்டும் திக்கினால் அதைக் குறையுங்கள். ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் இந்தக் கார்டில் விருந்தாளி மாதிரி, வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

இத்தனைக்கும் மேல் நான் விடாமல் செய்வது ஃபிரேமுக்கு உச்சவரம்பு கட்டுவது. 65க்கும் 95க்கும் இடையே ஏறி இறங்கும் ஆட்டத்தை 70இல் கட்டிவிட்டால் கண்ணுக்குச் சுகம், அறைக்கும் குளிர்ச்சி. சிஎஸ் 2இல் மட்டும் 160.

டிஎல்எஸ்எஸ் (சின்னதாக வரைந்த படத்தை ஏஐ வைத்துப் பெரிதாக்கும் என்விடியாவின் வித்தை) பற்றி என் அபிப்பிராயம் நடுவில் மாறிவிட்டது. 1080பி திரையில் "குவாலிட்டி" என்று போட்டாலும் உள்ளே 720பியில் வரைந்துதான் பெரிதாக்கும். ஆரம்பத்தில் தலைமுடியும் மின்கம்பியும் கோழி கிண்டியது மாதிரி இருந்ததால் தொடவே மாட்டேன். 2025 ஜனவரியில் வந்த புதிய மாடல் பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கிடைத்தது, அதிலிருந்து கனமான விளையாட்டுகளில் போட்டுத்தான் ஆடுகிறேன். இடையிடையே ஃபிரேமை உண்டாக்கிச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷன் மட்டும் எனக்குச் சரிப்படவில்லை. டிஎல்எஸ்எஸ்ஸில் வரும் வகை 3060இல் ஓடாது, நான் போட்டுப் பார்த்தது ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் வகை. 35ஐ 65ஆகக் காட்டும், கை மட்டும் 35இலேயே இருக்கும்.

சில விக்கலுக்கு மருந்தே கிடையாது. ஓர் இடத்துக்கு முதல்முறை போகும்போது மட்டும் விக்கி, அடுத்த முறை சரியாக ஓடினால் அது ஷேடர் (ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்) அப்போதுதான் தயாராவதால் வருவது. டிரைவர் புதுப்பித்த மறுநாளும் கொஞ்சம் அப்படி இருக்கும். அதற்காகப் புதுக் கார்டு வாங்க ஓடாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் திறந்தவெளி விளையாட்டு வண்டி ஓட்டும்போது விக்கினால், அதை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான்.

அக்கா மகன் இப்போது ஐந்தாம் படிவம். 5700எக்ஸ்3டி ப்ராசசர் போடுங்கள் மாமா என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறான். என் போர்டிலேயே உட்காரும், பயாஸைப் புதுப்பித்தால் போதும். ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 5600இல் 32 எம்பி, அதில் 96 எம்பி. சிஎஸ் 2க்கு நிச்சயம் நல்லது. ஆனால் என் இரவு ஆட்டங்கள் எல்லாம் கார்டு 98இல் மூச்சு வாங்குகிற கதை விளையாட்டுகள், அவற்றுக்கு அந்தக் கேஷால் ஒன்றும் ஆகாது. எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடியட்டும் பார்க்கலாம் என்று அம்மா அவன் வாயை அடைத்துவிட்டார்.

எனக்கு இப்போதைய கவலை கார்டின் இடது ஃபேன். போன மாதம் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. மாற்று ஃபேனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வந்து சேரவில்லை. அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு, பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு பேரிங்கில் விட்டேன். இரண்டு வாரமாகச் சத்தமில்லை.