டிஎல்ஏ பிளஸ்: நெடுநாள் பயன்பாட்டின் பின் ஒரு கணக்கு

வெள்ளவத்தை நண்பர் ஒருவர், சேவைகளாகப் பிரித்து எழுதப்படும் தமது மென்பொருளின் வடிவமைப்பைச் சரிபார்க்க டிஎல்ஏ பிளஸ் (TLA+) உதவுமா என்று கேட்டிருந்தார். நிரல் எழுதுமுன் ஒரு முறைமை எப்படி நடக்கவேண்டும் என்பதைக் கணிதக் குறிகளால் எழுதிச் சரிபார்க்கும் மொழி அது. கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கியது, இலவசமானது, அமேசான் தனது எஸ்3, டைனமோடிபி என்ற தரவுச் சேமிப்புச் சேவைகளுக்குப் பயன்படுத்தியது என்பனவெல்லாம் அவருக்குத் தெரியும். ஆகவே, அதனோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவனுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கொழும்பு–யாழ்ப்பாணம் இரவுப் பேருந்துகளின் ஆசனப் பதிவு எங்கள் வேலை. முன்பு பிபிஎம்என் (BPMN) வரைபடங்களை, அதாவது வேலை நடக்கும் ஒழுங்கைக் கட்டங்களாலும் அம்புகளாலும் காட்டும் படங்களை, வரைந்தோம். முகாமையாளருக்கு அவை மிகவும் பிடித்திருந்தன. டிஎல்ஏ பிளஸில் எழுதி, இரண்டு பயணிகளையும் ஒரே ஓர் ஆசனத்தையும் மட்டும் கொடுத்து அதன் டிஎல்சி (TLC) சரிபார்ப்பியை இயக்கியபோது, கொடுப்பனவுச் சேவையின் பதில் தாமதிக்க, காத்திருப்பு நேரம் முடிந்து ஆசனம் விடுவிக்கப்பட, அதை மற்றவர் பதிந்துகொள்ள, அதன் பின்னர் முதலாமவரின் பணம் பெறப்பட்டதாகச் செய்தி வந்துசேரும் வழியை அது படிப்படியாகக் காட்டியது. முறைமை அடையக்கூடிய நிலைகளை அகலவாக்கில், அதாவது குறைந்த படிகளில் எட்டுபவற்றை முதலில், தேடுவதால் அது தரும் எதிர்க்காட்டு (பிழைக்கு இட்டுச்செல்லும் வழி) பெரும்பாலும் மிகச் சுருக்கமாகவே இருக்கும். ஒவ்வொரு படியிலும் மாறிய மதிப்பு தனியே தெரியும். இந்த ஒன்றுக்காகவே பல மாலைகள் அலுவலகத்தில் மகிழ்ச்சியோடு இருந்திருக்கிறேன்.

ஆனால் அந்த இடைவெளிகள்! 'மற்றும்', 'அல்லது' குறிகளை வரி வரியாக அடுக்கும்போது, எந்தக் குறி எந்த நெடுவரிசையில் தொடங்குகிறது என்பதே அடைப்புக்குறியின் வேலையைச் செய்கிறது. 'கொடுப்பனவு மறுக்கப்பட்டது, அல்லது நேரம் முடிந்தும் பதில் இல்லை' என்பது எங்கள் இரத்து விதி. 'பதில் இல்லை' என்ற வரி யாரோ திருத்தும்போது இடப்புறம் நகர்ந்து, இரண்டு வழிகளுக்கும் பொதுவான நிபந்தனையாகிவிட்டது. மறுப்பு வந்தபின் பதில் இல்லாமல் இருக்க முடியாதல்லவா? மறுப்பு வழி முழுவதும் அடைபட்டுப்போக, டிஎல்சி ஆராய வேண்டிய நிலைகள் குறைந்தன. பிழை எதுவும் இல்லை என்று அமைதியாகச் சான்றிதழும் தந்தது. நிலைகளின் எண்ணிக்கை திடீரென்று சரிந்ததைச் சக ஊழியர் கவனித்திராவிட்டால் அது அப்படியே போயிருக்கும். எந்தப் பகுதி எத்தனை முறை ஆராயப்பட்டது என்று காட்டும் கவரேஜ் அறிக்கையை இயக்கினால், ஒருபோதும் மெய்யாகாத பகுதி வெளிப்படும் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். எனினும், பிழை கண்டுபிடிக்கவென்றே பிறந்த கருவி, சரிந்த வரியொன்றைப் பற்றி ஓர் எச்சரிக்கையேனும் தரக்கூடாதா? சாதாரண நிரல் போல எழுதினால் டிஎல்ஏ பிளஸாக மாற்றித்தரும் பிளஸ்கால் (PlusCal) மொழி இருக்கிறதே என்பார்கள். அதற்குள் எழுதும் நிபந்தனைகளும் இதே டிஎல்ஏ பிளஸ் கோவைகள்தாம்.

ஆதலால் நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எழுதும் பொறுமை குழுவில் எவருக்கும் இல்லையென்றால், பிபிஎம்என் படத்தோடு நிம்மதியாக இருக்கலாம். நாங்கள் பணமீளளிப்புச் சேவையை அடுத்த மாதம் தொடங்குகிறோம். அதற்கும் டிஎல்ஏ பிளஸ்தான்.