மரநார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும்: பழைய செங்கல் சுவருக்கு ஏற்றவையா?

ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் யு மதிப்பு (சுவர் வழியே வெப்பம் கடக்கும் அளவு; குறைந்தால் நல்லது) சுமார் 2. உள்பக்கம், மரநாரை அழுத்திச் செய்த வெப்பக் காப்பான மரநார்ப் பலகையை 60 மி.மீ. கனத்தில் ஒட்டிச் சுண்ணாம்பு பூசினால் அது ஏறக்குறைய 0.5 ஆகிறது. 100 மி.மீ. போட்டால் இன்னும் இறங்கும். ஆனாலும் பழைய சுவருக்கு 60-க்கு மேல் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். காப்பு தடிக்கத் தடிக்க வெளிச் செங்கலுக்கு வீட்டின் சூடு எட்டாது. மழையில் குடித்த நீர் உலராமல் தங்கும். சுவருக்குள் செருகியிருக்கும் மர உத்திரங்களின் முனைகள் உளுத்துப்போகும்.

வெப்பத்தைத் தடுப்பதில் தெர்மோகோல் ஒரு படி மேல் என்பதை மறுப்பதற்கில்லை. மரநார் ஜெயிப்பது ஈரத்தைக் கையாளும் விதத்தில். நீராவிக்கு அது காட்டும் தடை, அதே கனமுள்ள காற்றைப்போல் 3 முதல் 5 மடங்குதான். தெர்மோகோலுக்கு இது 30 மடங்கைத் தாண்டும். வந்த ஈரத்தை நார் உறிஞ்சிப் பரப்பி, அறைப்பக்கம் மெல்ல விட்டுவிடுகிறது. எடையும் ஒரு நன்மை. 60 மி.மீ. பலகை சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ அளவில் இருப்பதால் நண்பகல் வெயிலின் சூடு அறைக்குள் இறங்கத் தாமதமாகும்.

வாங்கும்போது தயாரிப்பு முறையைக் கேளுங்கள். ஈர முறையில் செய்த பலகையை மரத்திலேயே உள்ள லிக்னின் என்ற இயற்கைப் பிணைபொருளே பெரும்பாலும் பிணைக்கிறது. உலர் முறைப் பலகையில் பாலியூரித்தேன் பிசின் உண்டு. வேலைக்குக் குறைவில்லை, ஆனால் ‘முழுக்க இயற்கை’ என்ற விளம்பரம் அதற்குப் பொருந்தாது. சுண்ணாம்பில் இன்னும் கவனம் தேவை. ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 459-இன்படி என்.எச்.எல். என்ற எழுத்துகள் இருந்தால் சேர்ப்பு இல்லாத இயற்கை நீரிறுகு சுண்ணாம்பு (நீர் பட்டு இறுகும் வகை). வெறும் எச்.எல். என்றால் சிமென்ட் கலந்திருக்கலாம். அதை மூட்டையில் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. பின்னால் வரும் எண் கூடக் கூடக் கெட்டித்தனமும் கூடும்; உள்சுவருக்கு என்.எச்.எல். 2 அல்லது 3.5 போதும். 5 வாங்கினால் ‘கெட்டியாக இருக்கும்’ என்பார்கள். மென்மையான பழைய செங்கலுக்கு அந்தக் கெட்டித்தனமே கெடுதல்.

பலகை ஒட்டும்முன் சுவரைச் சரிசெய்யாவிட்டால் பணம் வீண். ஒழுகும் மழைநீர்க் குழாய், செங்கல் சந்துகளில் பிற்காலத்தில் அடைத்த சிமென்ட், உள்தரையைவிட உயர்ந்துவிட்ட வெளிமண் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலான ஓதத்துக்குக் காரணம். அவற்றை நீக்கிய பிறகும் சுவர் உலர மாதத்துக்கு 25 மி.மீ. கனம் என்று கணக்கு வையுங்கள். ஒன்பது அங்குலச் சுவருக்கு அது ஒன்பது மாதம். உப்புப் பூத்த சுவரில் பலகையை ஒட்டவே கூடாது.

பழைய பெயின்டையும் சிமென்ட் பூச்சையும் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை நனைத்து, 10 மி.மீ. சுண்ணாம்புச் சாந்தால் மட்டம் செய்யவேண்டும். கலவை, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு கூர்மணல் (சொரசொரப்பான மணல்). 10 சதுர மீட்டருக்குச் சுமார் 100 லிட்டர் மணலும் 25 கிலோ சுண்ணாம்பு மூட்டை ஒன்றும் செலவாகும். சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட வையுங்கள். அது இறுகி உலர்ந்தபின், பல்கரணையால் (விளிம்பில் பற்கள் உள்ள கரணை) பலகை முழுதும் சுண்ணாம்புப் பசை தடவி அழுத்துங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் உருண்டை வைத்து ஒட்டுவது இந்த வேலையின் மிக மோசமான தவறு: பலகைக்குப் பின்னால் காற்றுவெளி நிற்கும், குளிர்ந்த செங்கலில் ஆவி நீராகும், பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். சதுர மீட்டருக்கு ஐந்தாறு தட்டு ஆணிகள், செங்கல் கட்டைப்போல மாற்றிய இணைப்புகள். அடி விளிம்பு ஈரத் தரையைத் தொடக்கூடாது. கீழ் வரிசைக்குக் கார்க் பலகை நல்லது. ஜன்னல் பக்கவாட்டில் 20 மி.மீ. பலகையாவது வேண்டும். அதை விட்டுவிட்டால் குளிரெல்லாம் அங்கே ஒதுங்கி, பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும்.

பூச்சில் விரிசல் வந்தால் சுண்ணாம்பைக் குறை சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் வலையும் அவசரமும்தான். காரம் தாங்கும் கண்ணாடிநார் வலையை அடிப்பூச்சின் வெளி மூன்றில் ஒரு பங்கில் பதித்து, வலைகள் சேரும் இடத்தில் 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஜன்னல் மூலைகளில் சாய்வாகக் கூடுதல் துண்டு வைக்கவேண்டும். சில நாள் நீர் தெளித்து நீராற்றுங்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் பூசாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்தச் சாந்தைத் தொடவேண்டாம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இத்தனையும் செய்துவிட்டு மேலே அக்ரிலிக் எமல்ஷன் அடிக்கும் வீடுகள் இருக்கின்றன. மனம் வலிக்கிறது. அந்த மெல்லிய பிளாஸ்டிக் படலம் சுவரின் வாயை அடைத்துவிடும். சிலிக்கேட் பெயின்ட் அல்லது சுண்ணாம்பு வெள்ளைதான் சரி. வெள்ளையடிப்பது நனைத்த சுவரில் நான்கைந்து மெல்லிய கோட்டாக இருக்கட்டும். ஈரத்தில் கண்ணாடிபோல் தெரிந்து, காயும்போதுதான் வெளுக்கும் என்பதால், போதவில்லை என்று தடியாக அடித்தால் மறுநாள் மாவாக உதிரும்.

குளியலறையில் நேரடியாகத் தண்ணீர் படும் சுவருக்கும், மண்ணுக்குள் புதைந்த சுவருக்கும் இந்தப் பலகை வேண்டாம். மற்றபடி, உலர்ந்த சுவரும் பொறுமையான கொத்தனாரும் அமைந்தால், தயங்காமல் வாங்கலாம்.