படகு இழுக்கும் பிக்கப்: மூன்று வருடத்துக்குப் பிறகு

நேற்று மூன்றாவது தடவையாக, பேரிங்கைப் பார்க்க ட்ரெய்லரின் இடது சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரை கிரீஸோடு உட்கார்ந்திருந்தேன். அப்போது பார்த்து தேவனாம்பட்டினத்து நண்பன் போன் போட்டான். "மச்சான், படகு இழுக்க உன் வண்டி மாதிரியே ஒன்னு பாத்து வச்சிருக்கேன். நல்லா இழுக்குதா?" அப்போது நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுகிறேன். முழுசாக ஆறவில்லை.

வண்டி இசுஸு வி-க்ராஸ் பிக்கப், 1.9 லிட்டர் டீசல், நான்கு சக்கர இழுவை. மற்ற விவரமெல்லாம் ஷோரூமிலேயே ஒப்பித்துவிடுவார்கள். பின்னால் 22 அடி ஃபைபர் படகு, 115 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார். பெட்ரோல், நங்கூரம், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து எடை மேடையில் 1,940 கிலோ.

இழுப்பதில் இந்த வண்டியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் நாங்கள் படகு இறக்கும் சரிவு முழுக்கப் பாசி. பழைய ஜீப்பில் மேலேற்றும்போது நான்கு பேர் பின்னால் தள்ள வேண்டும். இதில் 4எல் (நான்கு சக்கரமும் மெதுவாக, முழு பலத்தோடு இழுக்கும் கியர்) போட்டு கிளட்சை மெல்ல விட்டால் போதும், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே கோயில் தேர் மாதிரி அசைந்து மேலே வந்துவிடும். மூன்று வருடமாகியும் அதைப் பார்க்கச் சலிக்கவில்லை.

ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை பயமுறுத்தியது. தவளக்குப்பம் தாண்டி 60-ல் போகும்போது ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தது. அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் கதை முடிந்தது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், தானாக அடங்கியது. தப்பு வண்டியுடையது இல்லை. மோட்டாரும் பெட்ரோல் டேங்கும் படகின் பின்பக்கம் இருப்பதால், ஹிட்ச் (வண்டியோடு ட்ரெய்லரை மாட்டும் இடம்) மேல் இறங்க வேண்டிய பாரம் இறங்கவில்லை. எடை மேடையில் ட்ரெய்லரின் முன்காலை மட்டும் நிறுத்திப் பார்த்தோம்: 90 கிலோ. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். பட்டறையில், படகின் மூக்கை இழுத்துக் கட்டும் வின்ச் ஸ்டாண்டை முன்னால் நகர்த்தி, படகையும் முன்னே தள்ளிக் கட்டி, 200-க்குக் கொண்டுவந்தோம். அதன் பிறகு வால் ஆடவே இல்லை.

சரி, பேரிங்குக்கு வருகிறேன்.

ரோட்டில் ஓடிவந்த ஹப், அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி, சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது ஹப்பை அடைத்திருக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தின் இடுக்கு வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து நடுரோட்டில் சக்கரம் இறுகி நிற்கும்போதுதான் தெரியும். வண்டி விலையோடு பார்த்தால் அந்த சீல் எல்லாம் ஒரு விலையே இல்லை. ஆனால் 1,940 கிலோவும் அதை நம்பித்தான் உருள்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், பிக்கப் தன் பெருமையைக் காட்டிய நாளில்தான் பேரிங் செத்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. முந்தின நாள் எங்கள் படகையும் பக்கத்தில் கட்டியிருந்த இரண்டு படகுகளையும் அதே ட்ரெய்லரில் லாஸ்பேட்டை மேட்டுக்கு ஏற்றிவிட்டோம். மூன்று நடை. மழையில் வண்டி ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. படகுக்காரர் ஒருவர் பானட்டைத் தட்டி, "எங்க வீட்டு மாடுகூட இப்படி இழுக்காது தம்பி" என்றார். ஆனால் ஒவ்வொரு நடையிலும் ஹப் சூடாகவே தண்ணீரில் இறங்கியது. யாருக்கு அதை நினைக்க நேரம்? அப்புறம் ஊரே வெள்ளத்தில் கிடந்ததில், நல்ல தண்ணீரில் அலசவும் இல்லை. ஜனவரியில் கடலூர் முதுநகர் போகும் வழியில், கிருமாம்பாக்கத்தில் கருகல் வாடை. இறங்கிப் பார்த்தால் இடது ஹப் நீலம் பாய்ந்து புகைகிறது.

அன்று ட்ரெய்லர் செய்துகொடுத்தவரைத் திட்டித் தீர்த்தேன். டிராக்டர் ட்ரெய்லருக்குப் போடும் சீலையே இதற்கும் போட்டிருக்கிறார், அது நிஜம். ஆனால் "அண்ணே, ரோட்லேர்ந்து வந்ததும் தண்ணியில விடாதீங்க, அரைமணி நேரம் ஆறட்டும்" என்று டெலிவரி அன்றே சொன்னவரும் அவர்தான். அரைமணி நேரம் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. அலை அடங்கியிருக்கும் விடியற்காலையில் யாருக்கு இருக்கும்?

இப்போது ஸ்பிரிங் வைத்த கிரீஸ் கப், கடல் தண்ணீருக்கான கிரீஸ், பேரிங் போட்டுத் தயாராக வைத்த ஒரு முழு ஹப் எல்லாம் வண்டியிலேயே இருக்கின்றன. முள்ளோடையில் டீசல் போட நிற்கும்போது இரண்டு ஹப்பிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்க்கிறேன். சேஃப்டி செயினைக் குறுக்காக மாட்டுவதும், தண்ணீரில் இறக்கும் முன் லைட் பிளக்கைப் பிடுங்குவதும் பழகிவிட்டது. இத்தனைக்கும் பிறகு நேற்று மறுபடியும் வெளுத்த கிரீஸ்.

நண்பனுக்கு என் பதில்: இரண்டு டன் இழுக்க இதைவிட நல்ல வண்டி நான் ஓட்டியதில்லை. வாங்காதே. படகை உப்பனாற்றிலேயே கட்டிப்போட்டு, காவலுக்கு ஒரு ஆளை வைத்துக்கொள். வருடத்துக்கு இரண்டு தடவை மேலேற்ற வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடு, டீசல் மட்டும் போடு.

இதைச் சொன்னதும் அவன் சிரிக்கிறான். அட்வான்ஸ் கொடுத்துவிட்டானாம். ட்ரெய்லர் இன்னும் செங்கல் மேல்தான் நிற்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை, பேரிங் கடை நாளைக்குத்தான் திறக்கும்.