அந்தரங்கப் பிரச்சினைக்கு யாரிடம் போவது? திருகோணமலையில் இருந்து ஓர் ஒப்பீடு

சொந்தத்தில் ஒரு பிள்ளை, கலியாணம் முடித்து இரண்டு வருடம். "இன்னும் ஒன்றும் இல்லையா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலில் இருந்து திரும்பும்போதுதான் என்னிடம் வாயைத் திறந்தாள். உடலுறவே இதுவரை நடக்கவில்லையாம். கணவன் கிட்ட வந்தாலே உடம்பு தானாக இறுகிக்கொள்கிறது, உயிர் போகிற நோ. "அக்கா, இதுக்கெல்லாம் டொக்டர் இருக்கினமா?" என்றாள்.

இருக்கினம் என்று சொல்லிவிட்டேன். தேடப் போனால், பாலியல் சிகிச்சையாளர் என்று பலகை போட்ட ஒருவரையும் இந்த ஊரில் காணவில்லை. அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பல ஆட்கள் செய்கிறார்கள். எந்தத் துண்டு யாரிடம் என்று தெரியாமல் போனால் பணமும் போகும், இனிக் கேட்கவே கூடாது என்ற வெறுப்பும் வரும்.

முதலில் பெரியாஸ்பத்திரி. உடம்பைப் பார்க்க அதற்கு ஈடு வேறில்லை, செலவும் இல்லை. ஆண்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். விறைப்பு வராத பிரச்சினையை மனசு என்று நினைத்து ஒளிக்கிறார்கள். ஆண்குறிக்குப் போகும் இரத்தக்குழாய் இதயத்துக் குழாயைவிட ஒடுக்கமானது. அடைப்பு அங்கே முதலில் தெரிந்து, நெஞ்சுவலி சில வருடம் கழித்து வரக்கூடும். சீனி, பிரஷர், கொழுப்பு மூன்றையும் பார்க்காமல் கவுன்சிலிங் போவது வீண். பிரஷர் குளிசை சிலவும் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசை பலவும்கூட ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும். அப்போது மருந்தைத் தானாக நிறுத்தாமல், கொடுத்தவரிடமே மாற்றக் கேட்கலாம்.

பார்மசியில் மெதுவாகக் கேட்டு சில்டெனாஃபில் வாங்கும் பழக்கம் நம் ஊரிலும் உண்டு. 1998இல் வந்த நல்ல மருந்துதான். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் குளிசையுடன் சேர்ந்தால் பிரஷர் படுமோசமாக இறங்கி உயிருக்கே ஆபத்து. கவுன்டரில் நிற்கும் பையன் அதைக் கேட்க மாட்டான்.

பெண்களுக்கு மகப்பேற்று, பெண்ணோயியல் நிபுணர். என் அனுபவம் இங்கே கசப்பு. நாங்கள் சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி நேரம் எடுத்துப் போன ஒருவர் "கொஞ்சம் ரிலாக்ஸாக இருங்கோ, எல்லாம் சரிவரும்" என்று மூன்று நிமிடத்தில் அனுப்பிவிட்டார். வேண்டுமென்றே இறுக்கினால்தானே வேண்டுமென்றே தளர்த்தலாம்? இடுப்படித் தசை தானாக இறுகும் இந்த நிலைக்கு வஜினிஸ்மஸ் என்று பெயர். பரிசோதனை வேண்டும் என்றால்கூட அவள் சம்மதிக்கும் நாளில், பொறுமையான ஒரு பெண் மருத்துவர் செய்தால் நல்லது. சிகிச்சை பெரும்பாலும் கத்தியில்லாதது: உடம்பைப் பற்றிய விளக்கம், மூச்சுப் பயிற்சி, தசையைத் தளர்த்தும் பயிற்சி, பிறகு தன் விரல் அல்லது படிப்படியாகப் பருமன் கூடும் டைலேட்டர் என்ற மழமழப்பான குச்சி. அவள் "போதும்" என்றால் அன்றைக்குப் போதும். கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். சரிவருபவர்கள்தான் அதிகம்.

மனநலக் கிளினிக்கும் பெரியாஸ்பத்திரியிலேயே இருக்கிறது. மனச்சோர்வா, பதற்றமா, குடியா, பழைய துன்புறுத்தலின் காயமா என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியும். குறை இரண்டு. வரிசை நீளம், ஆளுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்த வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது தெரிந்த ஆள் வந்து "என்ன இங்கே?" என்று கேட்பார் என்ற பயமும் இருக்கும். சின்ன ஊரில் அது சின்னப் பயம் இல்லை.

அடுத்தது பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர். இலவசம், தமிழிலேயே பேசலாம். கட்டார், சவூதி போய் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கணவன், வந்த மாதத்திலேயே சண்டை; மாமியார், கடன், சந்தேகம், போன். இப்படிப்பட்ட விஷயங்களை அவர்கள் தினமும் காண்கிறார்கள். படுக்கை விஷயம் என்று வந்தால் பலருக்கு அந்தப் பயிற்சி இல்லை, பேச்சு மெதுவாக "விட்டுக்கொடுத்துப் போங்கோ" என்ற இடத்துக்குப் போய்விடும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முஸ்லிம் குடும்பங்களில் விஷயம் நேரே, கலியாண, விவாகரத்து வழக்குப் பார்க்கும் காதி நீதிமன்றத்துக்குப் போவதும் உண்டு; ஆனால் அங்கே போகும் கட்டம் வேறு, சிகிச்சைக்கான இடம் அது இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அடி, மிரட்டல், பலவந்தம் உள்ள வீட்டில் இருவரையும் ஒன்றாக இருத்திப் பேசும் கவுன்சிலிங்குக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன். அறையில் உண்மை சொன்னவளுக்கு வீட்டில் அடி விழும். அதற்கு அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் இருக்கிறது, 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இருக்கிறது, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

சரி, இனி உண்மையான போட்டி: கொழும்பா, வீடியோ கோலா?

கொழும்பில் இதற்கென்றே பயின்ற உளவியலாளர்களும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அங்கே உங்களை யாருக்கும் தெரியாது, அதுவே பாதி மருந்து. ஆனால் தூரம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு ரயிலோ பஸ்ஸோ, ஒரு நாள் லீவு, இருவருக்கும் சாப்பாடு, தங்கல். ஒரு தடவை என்றால் சமாளிக்கலாம். இந்த வேலை ஒரு தடவையில் முடிவதில்லை. இன்னொரு சிக்கல் மொழி. ஆங்கிலத்தில் வேலைத்தலம், காணி, கடன் எல்லாம் பேசிவிடுவோம். "அந்த நேரத்தில் எனக்கு என்ன ஆகிறது" என்பதைத் தாய்மொழியில் சொல்லவே நாக்குப் புரளாது.

வீடியோவில் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பிலோ சென்னையிலோ இருக்கும் தமிழ் பேசும் ஒருவரைப் பிடிக்கலாம். கமராவுக்கு முன்னால் எப்படி இது என்று நானும் முதலில் நினைத்தேன். இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டுப்பாடம் என்று பிறகுதான் விளங்கியது. மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட முறை இன்றும் அடித்தளம்: முதல் கட்டத்தில் உடலுறவு கூடாது என்றே தடை, தொடுவது மட்டும், அதுவும் மறைவிடம் தவிர்த்து; பதற்றம் இறங்க இறங்க அடுத்த படி. பயிற்சி நடப்பது உங்கள் அறையில், சிகிச்சையாளர் கேட்பது அறிக்கை மட்டும். விந்து முந்திவிடும் பிரச்சினைக்குச் சொல்லும் நிறுத்தித் தொடங்கும் பயிற்சியும் இதே மாதிரி. இதற்கு 260 கிலோமீற்றர் எதற்கு?

வீடியோவின் எதிரி நம் வீடுதான். ஹோலில் மாமி, பக்கத்து அறையில் மச்சாள். அப்புறம், யாரும் உளவியலாளர் என்று போட்டுக்கொள்ளும் காலம். மருத்துவர் என்றால் இலங்கை மருத்துவ சபையின் பதிவைப் பார்க்கலாம். மற்றவர்களிடம் எங்கே படித்தீர்கள், யாரின் மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கோபப்பட்டால் விட்டுவிடுங்கள். பேச்சுச் சிகிச்சை செய்பவர் உடுப்பைக் களையச் சொன்னால், தொட்டால், படம் கேட்டால் அந்த நிமிடமே எழுந்துவிட வேண்டும்.

கடைசியாகச் சுவரொட்டி வைத்தியம். இதைச் சித்த வைத்தியத்தோடு சேர்க்க வேண்டாம். இங்கே கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் சொல்வது மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் போன் நம்பரை. விந்து போனால் உயிர்ச்சத்து போகும் என்ற பயத்தை விற்றுத்தான் அந்த வியாபாரம். பையன்கள் களைப்பு, மெலிவு என்று வருவது பெரும்பாலும் அந்தப் பயத்தால் வரும் பதற்றம். 1960இல் இந்திய மனநல மருத்துவர் என். என். விக் இதற்குத் தாது நோய்க்குறி என்றே பெயர் வைத்தார்.

என் வரிசை இதுதான். உடம்புக்குப் பெரியாஸ்பத்திரி. படுக்கைக்குத் தமிழில் வீடியோ. சண்டைக்குப் பிரதேச செயலகம். வீடியோவில் நகராத விஷயத்துக்கு மட்டும் கொழும்பு. நடு இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி, தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும். கூச்சம் அதிகமான புதுப்பெண்ணுக்கு வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸே நல்ல தொடக்கம். எந்தக் கிளினிக், எந்த நாள் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் பிள்ளை வீடியோவைத்தான் எடுத்தாள். வீட்டில் பேச முடியாது என்பதால் கணவனும் அவளும் உப்புவெளிப் பக்கம் ஓட்டோவை நிறுத்தி, திரையை இழுத்துவிட்டு, ஒரு இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் வைத்துக் கேட்கிறார்கள். ஐந்தாவது கோல் முடிந்திருக்கிறது. மாமியிடம் கடற்கரைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அது பொய்யும் இல்லை.