“எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு” என்று வந்த 50 போர்டுகள்: அசெம்பிளிக்குக் கொடுக்கும் முன் படியுங்கள்

ரீல் (பாகங்கள் சுற்றிய நாடா), ஸ்டென்சில் (சால்டர் பேஸ்ட் தடவும் துளைத் தகடு), கெர்பர் (போர்டின் வரைபட ஃபைல்), பிளேஸ்மென்ட் ஃபைல் (எந்தப் பாகம் எங்கே, எந்தக் கோணத்தில் என்ற பட்டியல்) எல்லாம் கையில் கொடுத்து, எங்கள் 50 சர்க்யூட் போர்டு பாகங்களை ஒட்டித் தரும் யூனிட்டுக்கு அசெம்பிளிக்குப் போனது. ‘முழுசா டெஸ்ட் ஆனது’ என்ற சீட்டோடு திரும்பியது. அதில் 11 போர்டு முதல் நாளே வேலை செய்யவில்லை. யூனிட் தரப்பின் ஒரே பதில்: “உங்க டிசைன்ல பிரச்சினை.” யூனிட்டின் பெயர் இங்கே வேண்டாம். பிரித்துப் பார்த்ததில் கிடைத்ததை மட்டும் எழுதுகிறோம்.

4 போர்டில் 5 வோல்ட் லைனில் இருக்கும் டாண்டலம் கெபாசிட்டர் தலைகீழ். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ். டாண்டலம் சிப்பில் கோடு போட்ட பக்கம் பிளஸ். இதில் குழம்பாத புது ஆள் குறைவு. ஆனால் ஃபைலில் கோணம் 180 டிகிரி தப்பாக இருந்திருந்தால் 50 போர்டும் தலைகீழாக வந்திருக்கும். 4 மட்டும் என்றால், மெஷின் விட்ட இடத்தை யாரோ ட்வீசரால் நிரப்பியிருக்கிறார்கள். தலைகீழாக இருந்த கெபாசிட்டரையே திருப்பி ஒட்டிக்கொள்ளாதீர்கள். ரிவர்ஸ் வோல்டேஜ் வாங்கிய டாண்டலம் பின்னாளில் ஷார்ட் ஆகி எரியலாம். புதிதுதான் போட வேண்டும்.

5 போர்டில் கோளாறு கியூஎஃப்என் ஐசியில் (கால் நீட்டாமல், அடிப்பக்க ஓரத்திலேயே பின்கள் உள்ள சிப்). விரலால் அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். நடுவில் உள்ள பெரிய கிரவுண்ட் பேடுக்கு (சால்டர் பிடிக்கும் செம்புத் திட்டு) ஸ்டென்சிலில் சின்னச் சின்ன ஜன்னல்களாகப் பிரித்து, பேடின் பரப்பில் 50 முதல் 80 சதவீதம் வரைதான் பேஸ்ட் விழ வேண்டும். நாங்கள் கொடுத்த ஸ்டென்சில் அப்படித்தான் இருந்தது. அது ஓரமாகக் கிடக்க, முழுசாகத் திறந்த வேறொன்றில் அடித்திருக்கிறார்கள். பேஸ்ட் அதிகமானால் உருகும்போது ஐசி அதன் மேல் மிதக்கும், ஓரப் பின்கள் பேடைத் தொடாது.

இதை மறைத்த விதத்தைக் கவனியுங்கள். சாதாரண கியூஎஃப்என்னில் பின்னின் பக்கவாட்டு முகம் வெட்டுப்பட்ட வெறும் செம்பு. அதில் சால்டர் ஏறாமல் இருந்தால் அது மட்டும் குறையில்லை. இந்த 5 போர்டிலோ பக்கவாட்டில் பளபளவென்று தடித்த சால்டர், சுற்றிலும் பிசுபிசுப்பான பழுப்பு ஃபிளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை). அயர்ன் வைத்து இழுத்த அடையாளம் அது. பார்வைக்கு அழகு, அடியில் ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை. சரிபார்க்க மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து, நல்ல போர்டோடு ஒவ்வொரு பின்னையும் ஒப்பிடுங்கள். புரோபைப் பின் மேல் வைக்காமல், அந்தத் தடத்தில் தள்ளியிருக்கும் வயாவில் (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளை) வையுங்கள். பின்னை அழுத்தினால் தொடாததும் தொட்டுவிடும்.

மீதி 2 போர்டில் 0402 என்ற மிகச் சின்ன அளவு செராமிக் கெபாசிட்டர்கள் ஒற்றைக்காலில் எழுந்து நின்றிருக்கின்றன. ஒரு பேட் நேராகக் கிரவுண்ட் பிளேனில் (கிரவுண்டுக்கான பெரிய செம்புப் பரப்பு) இருந்தால் அந்தப் பக்கம் தாமதமாக உருகும், மறுபக்கத்துச் சால்டர் பாகத்தைத் தூக்கிவிடும். தெர்மல் ரிலீஃப் (பேடை அந்தப் பரப்போடு மெல்லிய தடங்களால் மட்டும் இணைப்பது) வைக்காதது டிசைன் தவறுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நின்றதை அயர்ன் முனையால் அமுக்கி ஒட்டியது அவர்கள் வேலை. செராமிக்கின் மேல் சூடான முனை நேராகப் பட்டால் உள்ளே விரிசல் விழும், வெளியே தெரியாது. இரண்டும் ஷார்ட்.

சரி, மிச்சம் 39 தேறிவிட்டது என்றுதான் நாங்களும் நினைத்தோம். உண்மையான மோசடி அங்கேதான் இருந்தது.

போர்டு சூடானதும் 3.3 வோல்ட் லைனில் ரிப்பிள் (வோல்டேஜின் ஏற்ற இறக்கம்) ஏறியது. அந்த லைனுக்குக் கொடுத்தது 10 மைக்ரோஃபாரட் எக்ஸ்7ஆர் (சூட்டில் அதிகம் மாறாத செராமிக் வகை) கெபாசிட்டர் ரீல். செராமிக் சிப்பின் மேல் எந்த எழுத்தும் கிடையாது, அதனால் மாற்றினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றைக் கழற்றி எல்சிஆர் மீட்டரில் வைத்தபோது அளவு சரியாகவே காட்டியது. (கழற்றிய சூட்டில் இந்த வகை செராமிக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஒரு நாள் விட்டு அளப்பது நல்லது.) 85 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றியதும் பாதிக்கும் கீழே விழுந்தது. எக்ஸ்7ஆர் என்றால் மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை மாற்றம் 15 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஒய்5வி போன்ற மலிவு வகைக்குத்தான் 85 டிகிரிக்குள் 82 சதவீதம் வரை இழக்க அனுமதி உள்ளது. நல்ல ரீலை எடுத்துக்கொண்டு மலிவு சரக்கை ஏற்றியிருக்கிறார்கள்.

ரீலைக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றிலும் 10 பாகம் வெட்டி, லேபிள் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் அதோடு பக்கத்தில் வைத்துச் சூடேற்றினால் போதும். டச்-அப் செய்த (அயர்னால் கையில் திருத்திய) இடங்களைப் போர்டு நம்பரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். கியூஎஃப்என், பிஜிஏ (அடியில் சால்டர் உருண்டைகள் உள்ள சிப்) இருந்தால் முதல் போர்டின் எக்ஸ்ரே படம் வராமல் மிச்சத்தை ஓட்ட விடாதீர்கள். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அடிப்பக்கம் தெரியாது.

ரீஃப்ளோ புரொஃபைல் (பேஸ்டை உருக்கும் ஓவனில் போர்டின் சூடு ஏறி இறங்கும் வரைபடம்) கேட்டபோது வந்தது ஓவன் திரையின் படம். அது ஜோன்களுக்கு வைத்த செட்டிங் சூடு, போர்டின் சூடு அல்ல. தெர்மோகப்பிளைப் (சூடு அளக்கும் கம்பி) போர்டில் ஒட்டி எடுத்த வரைபடம்தான் கணக்கு. எஸ்ஏசி305 (ஈயம் இல்லாத சால்டர்) பேஸ்ட் என்றால் 217 டிகிரிக்கு மேல் சுமார் 45 முதல் 90 விநாடி, உச்சம் 235 முதல் 250. பேஸ்ட் உற்பத்தியாளரின் தாள் வேறு சொன்னால் அதையே பிடியுங்கள்.

39 போர்டுக்கும் கெபாசிட்டர் மாற்றும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. 50 போர்டுக்குப் போக எக்ஸ்7ஆர் ரீலில் பெரும்பகுதி மிஞ்சியிருக்க வேண்டும். அது எங்கே என்று எழுத்தில் கேட்டும் யூனிட்டிலிருந்து பதில் இல்லை.